யானைத்தீ: காயசண்டிகையின் சாபமும் மணிபல்லவத்துப் பாத்திரமும்

காயசண்டிகை மணிமேகலைக் காப்பியத்தில் வரும் விஞ்சையர் குலப் பெண். பன்னீராண்டுக் காலம் தீராப் பசியோடு அலையும்படி சபிக்கப்பட்டவள். சீத்தலைச் சாத்தனார் பாடிய 30 காதைகளுள் 15, 16, 17 ஆகிய மூன்றில் மட்டுமே அவள் நேரில் வந்து பேசுகிறாள். 20 ஆம் காதையில் அவள் முடிவு பற்றிய செய்தி வருகிறது. அதற்குமேல் அவளுக்குக் காப்பியத்தில் இடமில்லை. ஆயினும் நூலின் நடுப்பகுதி அவளைப் பற்றிக்கொண்டே நடக்கிறது. காப்பியத் தலைவி மணிமேகலை முதற்பிச்சை ஏற்க வேண்டிய வாசலைக் காட்டியவள் காயசண்டிகை. மணிமேகலை இளவரசனுக்கு ஒளிவதற்குப் பூண்டது காயசண்டிகையின் வடிவம். அந்த வடிவத்தை உண்மையென்று நம்பியவனின் வாளுக்கே இளவரசன் இரையாகிறான். இத்தனைக்கும் காரணமான பெண், யாருக்கும் தீங்கு நினைக்காத மென்மையான உள்ளம் படைத்தவள். சாபம், பேய், உருமாற்றம், கொலை என்று இருண்டு செல்லும் ஒரு கதைக்குள் சாத்தனார் இப்படி ஒருத்தியை வைத்தது தற்செயல் அன்று.

இந்தக் கதையைப் புங்குடுதீவில் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. காயசண்டிகையின் பசியை ஆற்றிய, குறையாத சோறு தரும் அமுதசுரபி என்ற பாத்திரம் கிடைத்த இடம் மணிபல்லவம். அது நயினாதீவே என்று கொள்வோர் பலர். யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பரப்பு முழுவதையும் அப்பெயர் சுட்டியது என்பாரும் உளர். மகாவம்சம் கூறும் நாகதீபமும் மணிமேகலை கூறும் மணிபல்லவமும் ஒரே கதையைச் சொல்கின்றன: நாக அரசர் இருவர் ஒரு மணியாசனத்துக்காகப் போரிட்டார்கள், புத்தர் வந்து பகை தீர்த்தார். புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றால் கண்ணுக்கெட்டும் தூரத்தில் தெரிகிற தீவு நயினாதீவு. ஆனித் திருவிழாக் காலத்தில் நாகபூஷணி அம்மனிடம் போகிறவர்கள் ஏறுவதும் இதே துறையில்தான். அங்கே அடியார்க்குச் சோறிடும் மண்டபத்தின் பெயரும் அமுதசுரபி.

மணிமேகலை துறவும் அறமும் பேசும் நூல் என்றே பள்ளிக்கூடங்களில் கற்பிக்கப்படுகிறது. அது உண்மையே. ஆனால் அச்சமூட்டும் இயற்கை கடந்த நிகழ்வுகள் அந்நூலில் எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆறாம் காதையில் வரும் சக்கரவாளக் கோட்டம், இறந்தவரைச் சுடுவோரும் வெளியில் இடுவோரும் குழியில் புதைப்போரும் தாழியில் கவிப்போரும் வந்துபோகும் ஈமப்புறங்காடு. பெண்ணொருத்தியின் தலையைக் கையில் ஏந்திக் கூத்தாடும் பேயைக் கண்டு சார்ங்கலன் என்ற சிறுவன் அலறியோடித் தாயிடம் உயிர்விடுகிறான். பின்னர் தூணில் அமைந்த கந்திற்பாவை வாய்திறந்து முற்பிறப்பும் வருபிறப்பும் சொல்கிறது. அமுதசுரபியை முன்பு வைத்திருந்த ஆபுத்திரன் மறுபிறப்பில் மணிபல்லவத்துக்கு வந்து, மணலுக்குள் புதைந்து கிடந்த தன் பழைய உடம்பின் என்பைத் தானே காண்கிறான். இந்த உலகத்தின் நடுவேதான் காயசண்டிகை வருகிறாள்.

அவள் வடதிசையில் உள்ள விஞ்சையர் நகரத்தைச் சேர்ந்தவள். வானில் பறக்கும் மந்திரம் அறிந்தவள். கணவன் காஞ்சனனோடு தென்திசைப் பொதியில் மலையின் அழகைக் காண வந்தாள். அருவிநீர் கொழித்த மணல் பரந்த ஒரு காட்டாற்றங்கரையில் இருவரும் அமர்ந்திருந்தனர். அவ்விடத்தில் மரவுரி உடுத்துச் சடை வளர்த்த விருச்சிகன் என்னும் முனிவன், தேக்கிலையில் ஒரு நாவற்கனியை வைத்துவிட்டு நீராடப் போனான். அது பன்னீராண்டுக்கு ஒருமுறை ஒற்றைக் கனி தரும் நாவல். கனியின் அளவைச் சாத்தனார் பனம்பழத்துக்கு ஒப்பிடுகிறார். ஆவணியில் பனையடியில் பனம்பழம் விழும் ஓசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அளவைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கரிய தோலும் கனத்த உடலுமாக இலையில் இருந்த அந்தப் பழத்தைக் காயசண்டிகை செருக்கோடு நடந்து காலால் சிதைத்துவிட்டாள். அவளே பின்னாளில் மணிமேகலையிடம் தன் கதையைச் சொல்லும்போது, முனிவன்மீது ஒரு சொல்லும் குறை வைக்காமல், தன் தீவினை வந்து உருத்ததென்றும் செருக்கால் செய்த பிழையென்றும் சொல்கிறாள்.

திரும்பிவந்த முனிவன் இட்ட சாபம் இரு கூறானது. வானில் செல்லும் மந்திரத்தை அவள் மறப்பாள். யானைத்தீ என்னும் பெரும்பசி நோய் அவள் வயிற்றில் பற்றும். அடுத்த பன்னீராண்டு கழிந்து மறுபடி அந்த நாவல் பழுத்து, அதை அவன் உண்ணும் நாளில் அவள் பசியும் நீங்கும்.

இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். அந்தப் பழம் முனிவனின் பன்னீராண்டு உணவு. ஒருநாள் உண்டு, அடுத்த பழம் வரும்வரை நோன்பிருப்பவன் அவன். அது சிதைந்ததால் இன்னும் பன்னிரண்டு ஆண்டு பட்டினி கிடக்கப்போகிறவனும் அவனே. ஆகவே அவன் சாபமாகக் கொடுத்தது தன் பசியைத்தான். தவத்தால் அவன் தாங்கக்கூடியதைத் தவம் இல்லாத ஒரு பெண்ணின் உடம்பில் ஏற்றிவிட்டான். ஒருவன் உணவை அழித்தவள் அதே கால அளவுக்குப் பசியை அறிய வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. கணக்கு நேராக இருக்கிறது. ஆனால் செருக்கான ஒரு நொடிக்குப் பன்னிரண்டு ஆண்டு என்பதில் இரக்கம் இல்லை. சாத்தனார் இதைத் தீர்ப்புச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். காயசண்டிகையின் மென்மை தெரிவது அந்த இடைவெளியில்தான்: அவள் முனிவனைச் சபிக்கவில்லை, தன்னைப் பசியோடு விட்டுப்போன கணவனையும் நோகவில்லை.

காஞ்சனன் மலைக்காட்டுக் காய்கனிகளைக் கொண்டுவந்து கொண்டுவந்து கொடுத்தும் அவள் வயிறு நிறையவில்லை. பறக்கும் மந்திரத்தையும் மறந்துவிட்ட அவளைத் தன் ஊருக்கு அழைத்துச் செல்ல அவனால் இயலவில்லை. எனவே ஈகையாளர் நிறைந்த காவிரிப்பூம்பட்டினமாகிய புகாருக்குப் போய் இரந்துண்டு வாழும்படி சொன்னான். ஆண்டுதோறும் இந்திர விழாவின்போது வந்து அவளைக் கண்டு, கழிந்த ஆண்டை எண்ணிவிட்டுப் பறந்துபோவான். வானில் திரிந்தவள் நகரத்துத் தெருவில் கையேந்தி நடந்தாள். அவளைக் கண்ட ஊரார் அவள் பசியின் பெயராலேயே அவளை அறிந்திருந்தனர்.

தன் பசியை விளக்க அவள் கையாளும் உவமை இந்தக் கடலோரத்தவர்க்கு மிக அணுக்கமானது. இராமன் கடலை அடைத்தபோது குரங்குகள் கொண்டுவந்து எறிந்த மலைகளெல்லாம் கடலின் வயிற்றுக்குள் போய் மறைந்தன அல்லவா, அவ்வாறே தான் உண்ணும் சோறும் என்கிறாள். சேதுக்கடலின் அடியில் போன மலைகளை ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் காட்டும் இந்த இடம், தமிழில் பசியைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மிக வலிமையான ஒன்று.

பௌத்த மரபில் இந்தப் பசிக்கு ஒரு பரந்த குடும்பம் உண்டு. பாலி மொழியில் உள்ள பேதவத்து என்ற நூல், முன்வினையால் பசித்துத் திரியும் பேய்களின் கதைகளைத் தொகுத்துச் சொல்கிறது. கைக்கு வந்த உணவு வாய்க்குள் போகாமல் தீயாக மாறும் கொடுமை அவ்வகைக் கதைகளில் மீண்டும் மீண்டும் வரும். கிழக்கே சென்ற பௌத்தத்தோடு இந்த உருவமும் சென்றது. மௌத்கல்யாயனர் பசிப்பேயாகப் பிறந்த தன் தாயை மீட்ட கதையே சீனத்திலும் யப்பானிலும் முன்னோர் நினைவு விழாவுக்கு வேராயிற்று. யப்பானில் 12 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பசிப்பேய்களை வரிசையாகத் தீட்டிய படச்சுருள்கள் இன்றும் தோக்கியோ, கியோத்தோ அருங்காட்சியகங்களில் தேசியச் செல்வங்களாகப் பேணப்படுகின்றன. காயசண்டிகை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவள். ஒரு வேறுபாடு உண்டு: அவள் பேய் அல்லள். உயிரோடு, அறிவு தெளிந்து, வெட்கத்தோடு பசிப்பவள்.

மணிமேகலை அமுதசுரபியோடு புகார் நகருக்குத் திரும்பும் இடத்தில் இவள் கதையுள் நுழைகிறாள். உவவனத்திலிருந்து மணிமேகலா தெய்வத்தால் மணிபல்லவத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட மணிமேகலை, அங்கே புத்த பீடிகையைக் கண்டு தன் முற்பிறப்பை உணர்கிறாள். தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களைத் தருகிறது: வேற்றுரு எடுப்பது, வானில் திரிவது, பசியைப் பொறுப்பது. பீடிகையைக் காக்கும் தீவதிலகை, கோமுகிப் பொய்கையில் வைகாசி முழுமதியன்று எழும் அமுதசுரபியை அவள் கையில் சேர்க்கிறாள். அந்தப் பாத்திரத்தின் முன்வரலாறும் பசியின் வரலாறே. மதுரையில் சிந்தாதேவி ஆபுத்திரனுக்குக் கொடுத்தது அது. சாவகம் நோக்கிய பயணத்தில் கப்பல் மணிபல்லவத்தில் தங்கியபோது, அவன் கரையிறங்கியதை அறியாமல் மரக்கலம் இரவில் புறப்பட்டுவிட்டது. உண்பதற்கு ஆளில்லாத தீவில் ஊட்டும் பாத்திரத்தால் என்ன பயன் என்று அதைப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர்நீத்தான் ஆபுத்திரன். தன் ஒருவன் வயிற்றுக்கு மட்டும் அந்தப் பாத்திரத்தைப் பயன்படுத்த அவன் மனம் இசையவில்லை.

தீவக் கடலில் கலம் தவறிய மனிதர் கதை வெறும் கற்பனையாகத் தோன்றாது. நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊர்காவற்றுறைக்கு வரும் கலங்கள் உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்றே விதிக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலமானால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும். வேறு சரக்கானால் பாதிக்குப் பாதி. சட்டம் எழுதவேண்டிய அளவுக்குக் கலங்கள் இங்கே உடைந்திருக்கின்றன.

புகாரில் பாத்திரத்தோடு நிற்கும் மணிமேகலைக்கு, முதற்பிச்சையைக் கற்புடைய பெண்ணொருத்தியிடம் ஏற்க வேண்டும் என்ற கடப்பாடு. யாரிடம் போவது என்ற தயக்கத்தைத் தீர்ப்பவள் காயசண்டிகை. ஆதிரையின் வீட்டுக்குப் போ என்கிறாள். அதோடு நிற்காமல் ஆதிரையின் கதை முழுவதையும் சொல்கிறாள். கணவன் சாதுவன் கடலில் இறந்தான் என்று கேட்டு ஆதிரை தீப்புகுந்ததும், தீ அவளைச் சுடாமல் விட்டதும், அவன் நாகர் மலையில் உயிர் தப்பி அவர்கள் தலைவனுக்கு அறம் உரைத்துத் திரும்பியதும் ஒரு காதை நீளத்துக்குக் காயசண்டிகையின் வாய்மொழியாகவே வருகின்றன. அவள் வயிற்றில் யானைத்தீ எரிகிறது. எதிரே நிற்பவள் கையில் குறையாத சோறு தரும் பாத்திரம். அந்நிலையிலும் அவள் முதலில் கேட்பது தனக்கு ஒரு பிடியை அன்று. இன்னொரு பெண்ணின் பெருமையை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்லி, பிச்சை அவள் கையால் தொடங்கட்டும் என்கிறாள். காயசண்டிகையின் இயல்பைக் காட்ட இதைவிட நெருங்கிய காட்சி காப்பியத்தில் வேறில்லை. உரைநூல்கள் இக்காதையை ஆதிரையின் கற்புக்காகப் போற்றுகின்றன. சொல்பவள் யார், எந்நிலையில் நின்று சொல்கிறாள் என்பதையும் சேர்த்துப் படிக்கும்போதே சாத்தனாரின் கைத்திறம் விளங்கும்.

ஆதிரை இட்ட சோறு பெருகிப் பலரையும் ஊட்டுவதைக் கண்ட பிறகே காயசண்டிகை மணிமேகலையை வணங்கித் தன் பசியைச் சொல்கிறாள். மணிமேகலை பாத்திரத்திலிருந்து ஒரு பிடி எடுத்து அவள் கையில் வைக்கிறாள். மலைமலையாக உண்டும் ஆறாத பசி அந்த ஒரு பிடியில் ஆறுகிறது. சாபக்கெடு முடியும் காலமும் பாத்திரம் வந்த காலமும் ஒட்டி வருவதால் பசியைத் தீர்த்தது எது என்ற கேள்வி எழக்கூடும். காப்பியம் காட்டுவது சோற்றுப் பிடியை. முனிவன் பழம் உண்ட காட்சி நூலில் இல்லை.

பசியாறியதும் அவள் உடனே பறந்துவிடவில்லை. இந்த நகரில் உலக அறவி என்ற ஊரம்பலம் உண்டு, வாயில் எதுவும் அடைக்கப்படாதது, பசித்தோரும் நோயுற்றோரும் ஆதரவற்றோரும் எங்கிருந்தும் வந்து கூடும் இடம், நீ அங்கே போ என்று மணிமேகலைக்கு வழி சொல்லிவிட்டே போகிறாள். பன்னிரண்டு ஆண்டு பசித்து நடந்தவளுக்கே நகரத்தில் யார் எங்கே பசித்திருக்கிறார்கள் என்பது தெரியும். மணிமேகலையின் அறப்பணி முழுவதும் இந்தத் தகவலின்மேல் எழுகிறது.

வாயில் அடைக்கப்படாத அம்பலம் என்ற அந்தக் கருத்தை ஓர் ஊர் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. புங்குடுதீவில் பிறந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம் (1935–1973) கண்ணகை அம்மன் கோயிற்பக்கத்து நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் நீர் அள்ள வேண்டும் என்று 1970களின் தொடக்கத்தில் சத்தியாக்கிரகம் நடத்தினார், அதற்காகத் துன்பமும் பட்டார். உவர்நீர் சூழ்ந்த ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு ஓர் அமுதசுரபி. அதைச் சுற்றி யார் நிற்கலாம் என்ற கேள்வி சாத்தனார் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

காயசண்டிகை போன பிறகு அவள் வடிவம் மட்டும் புகாரில் தங்குகிறது. இளவரசன் உதயகுமரன் தன்னைத் தேடி அம்பலத்துக்கு வருவதை அறிந்த மணிமேகலை, மந்திரத்தால் காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். அந்த உருவத்தோடேயே சிறைச்சாலைக்குள் புகுந்து கைதிகளுக்கு உணவூட்டுகிறாள். ஊரைத் தின்றாலும் அடங்காத வயிறு என்று பெயரெடுத்த ஒருத்தி ஊருக்கெல்லாம் சோறிடுவதைக் கண்டு காவலர் வியந்து அரசன் மாவண்கிள்ளியிடம் சொல்கிறார்கள். அரசன் அழைத்துக் கேட்க, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்று அவள் வேண்டுகிறாள். அரசனும் இசைகிறான். பசியின் உருவமாக இருந்த உடம்பே பசியாற்றும் உருவமாக மாறி நிற்கும் இந்த மாற்றம் காப்பியத்தின் ஒளிமிக்க பகுதி. உண்மையான காயசண்டிகை அதைக் காண உயிரோடு இல்லை என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.

பன்னீராண்டு முடிந்தும் மனைவி ஊர் திரும்பாததால் காஞ்சனன் தேடி வருகிறான். பாத்திரம் ஏந்திய உருவத்தைக் கண்டு மகிழ்ந்து பேசுகிறான். அவளோ அவனை அறியாதவள்போல் விலகி, உதயகுமரனிடம் சென்று, நரைத்த முதியவள் ஒருத்தியைச் சுட்டி உடம்பின் நிலையாமையை எடுத்துரைக்கிறாள். காஞ்சனன் கண்ணுக்கு அது வேறாகத் தெரிகிறது. அன்றிரவு அம்பலத்தில் ஒளிந்திருந்து, நள்ளிரவில் அங்கு வந்த உதயகுமரனை வாளால் வீழ்த்துகிறான். மனைவி என்று எண்ணியவளைப் பற்றச் செல்லும்போது கந்திற்பாவை அவனைத் தடுத்து உண்மையைச் சொல்கிறது: இவள் மணிமேகலை. உன் மனைவி பசிநீங்கி வானில் போனபோது விந்தமலையின் மேலாகப் பறந்தாள். அது கொற்றவை உறையும் மலை, வானில் செல்வோர் அதன்மேல் பறப்பதில்லை. மலையைக் காக்கும் விந்தாகடிகை சினந்து, அவள் நிழலைப் பற்றி இழுத்து விழுங்கிவிட்டாள்.

உணவை அழித்ததால் பசித்தவள் கடைசியில் இன்னொரு வயிற்றுக்கு உணவாகிறாள். இதை அவளுக்கு உரிய தண்டனையென்று படிக்க நூலில் இடமில்லை. தண்டனைக்காலம் முடிந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டு நிலத்தில் நடந்தவள், மந்திரம் மீண்டதும் வீடு நோக்கி நேர்வழியில் பறந்திருக்கிறாள், அவ்வளவே. உதயகுமரனின் சாவுக்குக் கந்திற்பாவை ஒரு முன்வினை சொல்கிறது: முற்பிறப்பில் துறவிக்கான உணவுக்கலத்தோடு கால் இடறிய மடைத்தொழிலாளனை அவன் வெட்டினான். அங்கும் சிந்திய உணவே காரணம். காயசண்டிகையின் சாவுக்கு அப்படி ஒரு முன்வினை சொல்லப்படவில்லை. வினைக்கணக்கை இவ்வளவு நுணுகிப் பார்க்கும் காப்பியம் இவளிடம் கணக்குக் காட்டாமல் போவது, படிப்பவரை உறுத்திக்கொண்டே இருக்கும் இடம்.

இன்று புங்குடுதீவு வழிவந்த பிள்ளைகள் பலர் பாரிசிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் வளர்கிறார்கள். சபிக்கப்பட்ட மென்மையான பெண் என்றதும் அவர்களுக்கு முதலில் நினைவு வருபவள் யப்பானிய மங்காப் படக்கதை ஒன்றின் நெசுக்கோவாக இருக்கக்கூடும். கொயொஹாரு கொதோகே எழுதி வரைந்து 2016 முதல் 2020 வரை தொடராக வந்து, 23 தொகுதிகளாக வெளியான 'கிமெத்சு நோ யைபா' கதையின் நாயகி அவள். குடும்பத்தை ஓர் அரக்கன் கொன்றுபோட, அவன் குருதி கலந்ததால் தானும் அரக்கியாக மாறியவள். மனிதரைத் தின்னும் பசி அவளுக்கும் உண்டு. ஆனால் அவள் தின்பதில்லை. வாயில் மூங்கிற் துண்டு கட்டப்பட்டு, பகலில் அண்ணன் தஞ்சிரோ சுமக்கும் மரப்பெட்டிக்குள் இருந்து, உண்பதற்குப் பதிலாக உறங்கியே வலிமை மீட்கிறாள்.

இருவரையும் அருகருகே வைத்தால் ஒற்றுமை தெளிவு: பசி சாபமாக வந்தது, பசித்தவள் அதைப் பிறர்மேல் திருப்பவில்லை. வேற்றுமை அதைவிட முக்கியம். நெசுக்கோ கதையின் பெரும்பகுதியில் பேச முடியாதவள். அவள் நன்மை அவள் அடக்கத்தில் தெரிகிறது. காயசண்டிகை பேசுகிறாள், தன் பிழையையும் பிறர் பெருமையையும் நகரத்தின் வழிகளையும் சொல்கிறாள். அவள் நன்மை சொல்லில் இருக்கிறது. நெசுக்கோவின் பக்கத்தில் அண்ணன் கடைசிவரை இருக்கிறான், மருந்து கிடைத்து அவள் மனிதப் பெண்ணாகிறாள். காயசண்டிகையின் கணவன் ஆண்டுக்கொரு நாள் வந்தான். அவள் மீண்டதை அறியாமலே கொலைகாரனானான்.

புங்குடுதீவில் கோயில்கொண்ட கண்ணகையின் சினம் மதுரையை எரித்தது, அந்தத் தீ வழிபாடாயிற்று. காயசண்டிகையின் தீ அவள் வயிற்றைத் தவிர வேறெதையும் சுடவில்லை. நீதி கேட்டு ஓங்கிய குரலை நினைவில் வைப்பது சமூகத்துக்கு எளிது. பசித்தபடி பிறருக்கு வழி சொன்ன குரல் கதைச்சுருக்கங்களில் ஒரு வரியாகிவிடுகிறது. அந்த வரியும் பெரும்பாலும் பசி நீங்கி ஊர் சென்றாள் என்றே முடியும். விந்தமலை விடுபட்டுப்போகும்.

அவளை முழுமையாக அறிய 15, 16, 17, 20 ஆம் காதைகளை இடையீடின்றி ஒருசேரப் படிக்க வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1898 இல் வெளியிட்ட பதிப்பே மணிமேகலையைப் பலரும் படிக்கும் நூலாக்கியது. ந. மு. வேங்கடசாமி நாட்டார் எழுதி, ஔவை சு. துரைசாமிப் பிள்ளை நிறைவுசெய்த உரை பொருள் தெளிவுக்கு உதவும். படிக்கும்போது 16 ஆம் காதையில் ஆதிரையின் கதையைச் சொல்பவள் இன்னும் உண்ணவில்லை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், அடுத்த காதையில் மணிமேகலை எடுத்துவைக்கும் ஒரு பிடிச் சோற்றின் நிறை தெரியும்.